ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை: தைராய்டு சந்தேகத்தோடு அலைபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு விசேஷ வீட்டில் பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் தைராய்டில் வந்து நிற்கும். ஒருவர் விடிகாலையிலேயே மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பார். இன்னொருவருக்கு முடி கொட்டுகிறது, உடம்பு ஊதுகிறது, மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. டெஸ்ட் எடுத்தால் மட்டும் "எல்லாம் நார்மல் ஆச்சி, ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். உடனே முதலாமவர், "என் மாத்திரையில பாதியைப் போட்டுப் பாரேன்" என்பார்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாமவருக்கு. ரிப்போர்ட் நார்மல் என்பதால் உங்கள் அசதி பொய்யாகிவிடாது. அதற்காக, ரிப்போர்ட்டே தப்பு, எனக்குத் தைராய்டுதான் என்று முடிவு கட்டுவதும் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. மருத்துவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது காரணத்தை; மாத்திரை அதற்கு அப்புறம்தான். நான் மருத்துவர் இல்லை. வீட்டில் தைராய்டுக்காரர்களை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் காத்திருந்து கற்றதையும் படித்ததையும் எழுதுகிறேன்.

முதல் படி: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள்

"நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பது ரிப்போர்ட் ஆகாது. தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த டெஸ்ட், என்ன எண், பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவு என்ன.

மருத்துவ முகாமிலும் மாஸ்டர் செக்கப் பேக்கேஜிலும் பெரும்பாலும் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) மட்டும் இருக்கும். லேபில் "தைராய்டு புரொஃபைல்" என்று கேட்டால் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4, கூடவே டி.எஸ்.எச். என மூன்றும் வரும். அந்த டி4 மொத்த டி4-ஆக இருக்கலாம், ஃப்ரீ டி4-ஆகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றில்லை. கர்ப்பமாக இருந்தாலோ கருத்தடை மாத்திரை எடுத்தாலோ ரத்தத்தில் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடிவிடும், மொத்த டி4 எண்ணும் கூடவே ஏறிவிடும். உடம்புக்கு நிஜமாகக் கிடைப்பதைச் சொல்வது ஃப்ரீ டி4.

டி.எஸ்.எச்.சுக்குப் பெரும்பாலான லேபுகள் சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை நார்மல் என்று போடுகின்றன. சில லேபுகளில் மேல்வரம்பு 5-ஐத் தாண்டும். ஆகவே ஒரு லேபில் தடித்த எழுத்தில் வரும் 4.8, அடுத்த தெரு லேபில் சாதாரண எழுத்தில் வரும். வயது கூடக்கூட டி.எஸ்.எச். இயல்பாகவே கொஞ்சம் ஏறும் என்பதால், எழுபத்தைந்து வயது அப்பத்தாவுக்கு வரும் 5.5-ம் இருபத்தைந்து வயதுப் பேத்திக்கு வரும் 5.5-ம் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. கர்ப்பிணிகளுக்கு அளவே வேறு. முதல் மூன்று மாதங்களில் வரம்பு கீழே இறங்கும். எல்லா லேப் தாளிலும் அது அச்சாகி இருக்காது. மாசமாக இருந்தாலோ குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் அவற்றையும் தேடி எடுங்கள். மூன்று வருடம் முன்பு 1.2, போன வருடம் 2.6, இப்போது 3.9 என்றால் மூன்றுமே நார்மல்தான். ஆனால் வரிசையாக வைத்துப் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி யோசிப்பார்.

இரண்டாம் படி: டெஸ்ட் எடுத்த விதம் சரியா

டி.எஸ்.எச். நடுநிசி தாண்டிய நேரத்தில் உச்சத்திலும் மத்தியானத்தில் தாழ்ந்தும் இருக்கும். எனவே காலை எட்டு மணிக்கு எடுத்ததையும் மாலை நாலு மணிக்கு எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் காலையில், முடிந்தவரை அதே லேபில் கொடுங்கள்.

அடுத்தது பயோட்டின். முடி கொட்டுகிறது என்றதும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அந்த முடி மாத்திரைகளில் பலவற்றில் பயோட்டின் நிறைய இருக்கிறது. லேப் மெஷின்களில் ஒரு வகை பயோட்டினை வைத்தே வேலை செய்கிறது. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும் ஃப்ரீ டி4 கூடுதலாகவும் தெரியும். அதாவது நிஜமாகவே தைராய்டு குறைந்திருப்பவருக்கும் "நார்மல்" வர வழி இருக்கிறது. குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போங்கள். அதிக அளவு எடுப்பவர்கள் இன்னும் சில நாள் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெங்கு, டைஃபாய்டு மாதிரிக் கடுமையான காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுத்த தைராய்டு டெஸ்டை, மருத்துவர் குறிப்பாகக் கேட்டு எடுத்திருந்தாலொழிய, கணக்கில் வைக்க வேண்டாம். உடம்பு தேறிச் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். ஸ்டீராய்டு, லித்தியம், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் எல்லாம் தைராய்டு எண்களை அசைக்கும்; சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: டி.எஸ்.எச். மட்டும் போதாத இடம்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நார்மல் டி.எஸ்.எச்.சுக்குப் பின்னால் நிஜமான தைராய்டுக் குறைவு ஒளிந்திருக்கக்கூடிய முக்கியமான இடம் இதுதான்.

தைராய்டை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் நின்று மேற்பார்வை பார்க்கும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பந்திக்குப் பதார்த்தம் கொஞ்சம் குறைந்தாலும் அவர் குரல் ஏறிவிடும். அப்படித்தான், ஃப்ரீ டி4 சற்று இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு எகிறும். அந்தக் குரல் அடங்கியிருந்தால் உள்ளே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் அது சரியே. ஆனால் அந்தப் பெரியவரே மயங்கிக் கிடந்தால்? சத்தம் வராது, சமையலும் நடக்காது. டி.எஸ்.எச். நார்மலாகவோ குறைவாகவோ இருக்கும், ஃப்ரீ டி4 தரைதட்டியிருக்கும்.

இது அரிதுதான். ஆனால் யாருக்கு வரும் என்பதற்கு அடையாளம் உண்டு. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால் பிட்யூட்டரிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது பழுதாகலாம். 1937-ல் இதை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஷீஹன் பெயரால் ஷீஹன் நோய் என்கிறார்கள். நம் நாட்டில் இது இன்னும் பார்க்கக்கூடிய நோய். குழந்தை பிறந்ததும் பால் சுரக்காமலே போனது, அதற்கப்புறம் மாதவிலக்கு திரும்ப வரவே இல்லை அல்லது அரைகுறையாக வந்தது, அக்குள் முடி உதிர்ந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றல், சோடியம் குறைவு என்று அடிக்கடி அட்மிட் ஆவது. இவை பல வருடங்களில் மெல்ல மெல்லச் சேரும். "புள்ளப்பேத்துக்கு அப்புறம் அவ தேறவே இல்லை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், யாரும் அதை டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துக் காட்டுக்கரைகளில் இன்னொரு காரணமும் உண்டு: கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கும் பிட்யூட்டரி பழுதாகிறது. தலையில் பலத்த அடி, மூளைப் பகுதிக்குக் கதிர்வீச்சு, தீராத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்குவது ஆகியவையும் இதே பட்டியல்தான்.

இப்படி எதுவும் உங்கள் கதையில் இருந்தால் ஃப்ரீ டி4-ம் காலை எட்டு மணிக் கார்டிசாலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கார்டிசால் என்பது உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன். அது எதற்கு என்றால், பிட்யூட்டரி பழுதானவருக்கு அதுவும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை மட்டும் ஆரம்பித்தால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டு மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நான்காம் படி: கழுத்து

கண்ணாடி முன் நின்று தலையைச் சற்றே பின்னால் சாய்த்து ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதாவது புடைப்பு மேலேறி இறங்கினால், அல்லது ஒரு பக்கம் புடைத்திருந்தால், ரத்தப் பரிசோதனை என்ன சொன்னாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். தைராய்டுக் கட்டி உள்ளவர்களில், அது புற்றுநோயாகவே இருந்தாலும், பெரும்பாலானோருக்கு டி.எஸ்.எச். நார்மலாகத்தான் இருக்கும். கட்டி வேகமாக வளர்வது, குரல் கம்முவது, விழுங்கச் சிரமம் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

ஐந்தாம் படி: தைராய்டு மாதிரியே நடிக்கும் மற்றவை

அசதி, முடி உதிர்வு, எடை, மறதி, மலச்சிக்கல், கை கால் உளைச்சல். இவற்றில் ஒன்றுகூடத் தைராய்டுக்கே சொந்தமானது இல்லை. நம் பகுதியில் எதை முதலில் சந்தேகிக்கலாம் என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் இரும்புச் சத்து. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதோடு, ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனி டெஸ்ட். முடி கொட்டுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கில் அதிகம் போகிறது என்றால் ஃபெரிட்டின் கேளுங்கள்.

அடுத்து பி12. தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் வீடுகளிலும், சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடமும் இது குறைவாக இருப்பது சகஜம். பாதம் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், மறதி ஆகியவை இதன் அடையாளம்.

தூக்கத்தை யாரும் கேட்பதில்லை. பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி, காலையில் தலைவலியோடு எழுந்து, பகலில் டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம். இதை நோயாளியால் சொல்ல முடியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். அப்புறம் சர்க்கரை, வைட்டமின் டி, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, நாற்பதுகளின் நடுவில் வரும் மாதவிலக்கு மாற்றங்கள் எல்லாம் உண்டு. பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும்.

பிரசவம் முடிந்த ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. அந்த ஒரு வருடத்தில் சிலருக்குத் தைராய்டு அழற்சி வந்து, சில மாதம் ஹார்மோன் ஏறி, அப்புறம் இறங்கி, பிறகு பெரும்பாலும் சரியாகும். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்குப் போகும் வழியில் டெஸ்ட் எடுத்தால் நார்மல் என்றே வரும். அறிகுறி தொடர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

மனச்சோர்வையும் இந்தப் பட்டியலில் கூசாமல் சேர்க்கிறேன். "உனக்கு மனசுதான் காரணம்" என்று யாராவது சொன்னால் கோபம் வருவது நியாயம், ஏனென்றால் பெரும்பாலும் அது பேச்சை முடிப்பதற்காகச் சொல்லப்படுகிறது. ஆனால் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு, பட்டாலையும் இரண்டாங்கட்டுமாக நீண்டுகிடக்கும் வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு எதிலும் பிடிப்பில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு ருசிக்கவில்லை என்றால், அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஆறாம் படி: மருத்துவரிடம் பேசுவது

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கூட வந்த மகனோ மாமியாரோ அதில் பாதியைப் பேசிவிடுவார்கள். ஆகவே ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள்: அறிகுறி என்ன, எப்போது ஆரம்பித்தது, அதனால் எந்த வேலை செய்ய முடியவில்லை. "ரொம்ப அசதி" என்பதைவிட "முன்பெல்லாம் ஒரே மூச்சில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை கூட்டிவிடுவேன், இப்போது நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது" என்பது மருத்துவருக்கு உதவும். எடை, மாதவிலக்குத் தேதிகள், குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு என்பதையும் எழுதுங்கள்.

பிறகு கேள்வியை நேராகக் கேளுங்கள். உதாரணமாக இப்படி:

"டாக்டர், டி.எஸ்.எச். 3.1 இருக்கு. ஃப்ரீ டி4 இதுவரைக்கும் பார்க்கலை. ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் ஏத்தினாங்க, பால் சுரக்கவே இல்லை. அதுக்காக ஃப்ரீ டி4-ம் கார்டிசாலும் பார்க்கணுமா? இல்லைன்னா இந்த அசதிக்கு வேற என்ன காரணம் இருக்கலாம்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். "எனக்குத் தைராய்டுதானே?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும். "வேறு என்ன?" என்று கேட்டால் மருத்துவர் யோசித்தாக வேண்டும்.

நல்ல மருத்துவர் கையைத் தொட்டுத் தோலின் வறட்சியைப் பார்ப்பார், நாடி பார்ப்பார், கழுத்தைத் தடவுவார். சிலர் நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகால் நரம்பைச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். பாதம் சட்டென்று துள்ளிவிட்டு மெதுவாகத் திரும்பினால் அது தைராய்டுக் குறைவின் பழைய, நம்பகமான அடையாளங்களில் ஒன்று.

எங்கே போவது? முதலில் உள்ளூர் பொது மருத்துவரே போதும். ஐந்தாம் படியில் உள்ள அத்தனையையும் அவர் பார்ப்பார். செலவு யோசனை இருந்தால் காரைக்குடி அரசு மருத்துவமனை, அதற்கு மேல் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவு. மூன்றாம் படிச் சந்தேகம் உள்ளவர்களும், மாத்திரை போட்டும் தேறாதவர்களும் ஹார்மோன் நிபுணரைப் பார்க்க வேண்டும். அதற்கு மதுரையோ திருச்சியோ போவதே வழக்கம். வேலூர் சி.எம்.சி.க்கும் நம் ஊர்க்காரர்கள் போகிறார்கள், ஆனால் மேற்சொன்ன டெஸ்டுகளை முடித்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் குறையும்.

ஆன்டி டி.பி.ஓ. டெஸ்டை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்க உண்டாக்கும் ஆன்டிபாடியைப் பார்ப்பது) ஒரு முறை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பாசிட்டிவ் வந்து டி.எஸ்.எச். நார்மலாக இருந்தால், இன்றைக்குத் தைராய்டு குறையவில்லை, பின்னால் குறைய வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று பொருள். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், இப்படிப்பட்ட பெண்களில் வருடத்துக்கு நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்குத் தைராய்டுக் குறைவு வந்தது. ஆகவே வருடம் ஒரு டி.எஸ்.எச். போதும். அந்த ஆன்டிபாடி எண்ணைக் குறைப்பதற்கென்று மாத்திரையும் வேண்டாம், மாதாமாதம் அதே டெஸ்டும் வேண்டாம்.

ஏழாம் படி: "எதற்கும் மாத்திரை போட்டுப் பார்ப்போமே" என்றால்

2001-ல் ஸ்காட்லாந்தில் இதையே சோதித்தார்கள். தைராய்டு அறிகுறிகள் இருந்து ரிப்போர்ட் நார்மலாக உள்ளவர்களுக்கு 12 வாரம் தைராக்சின், 12 வாரம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, எது எதுவென்று சொல்லாமல். தைராக்சினால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. 2017-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், 65 வயதைத் தாண்டி டி.எஸ்.எச். லேசாக ஏறியவர்கள் 737 பேரைப் பார்த்தார்கள். மாத்திரையால் எண் இறங்கியது, அசதி இறங்கவில்லை.

தேவையில்லாத தைராக்சின் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அளவு மீறினால் வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். எடை குறையும் என்று போடுபவர்களுக்கு ஒரு கணக்கு: நிஜமான தைராய்டுக் குறைவே இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரைதான் எடை கூட்டும், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும்.

விதிவிலக்கு உண்டு. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால், கர்ப்பமாக இருந்து எண் ஏறியிருந்தால், 5-க்கும் 10-க்கும் நடுவில் இருந்து அறிகுறியும் ஆன்டிபாடியும் சேர்ந்திருந்தால் மருத்துவர் மாத்திரை தரலாம். அப்போதும் "எவ்வளவு நாளில் பலன் பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்திவிடலாமா?" என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்காததால்தான் பலர் காரணமே மறந்துபோன மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள்.

எட்டாம் படி: ஏற்கெனவே மாத்திரை போடுபவர்கள், எண் நார்மல், உடம்பு தேறவில்லை

முதலில் காபி. விடிந்ததும் பித்தளை டபராவில் காபி இல்லாமல் நம் வீடுகளில் எதுவும் நகராது. மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பாட்டிலை அடுப்பங்கரை ஜன்னலில் வைக்காதீர்கள். வெயிலும் சூடும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். கம்பெனி மாற்றி வாங்கினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள்.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் தேறவில்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். பி12, ஃபெரிட்டின், தூக்கம் மூன்றும் இவர்களிடம் அடிக்கடி அகப்படும். டி4-ஓடு டி3-யும் சேர்த்துத் தரும் சிகிச்சை ஒன்று உண்டு. ஆய்வுகளில் அதன் பலன் உறுதிப்படவில்லை, நிபுணர் கண்காணிப்பில் மட்டும், அதுவும் கர்ப்பகாலம் தவிர்த்து முயலலாம்.

ஆன்லைனில் விற்கும் "தைராய்டு சப்போர்ட்" மாத்திரைகள், ரிவர்ஸ் டி3 டெஸ்ட், காலையில் தெர்மாமீட்டர் வைத்துத் தைராய்டைக் கண்டுபிடிக்கும் முறை ஆகியவற்றுக்குப் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டாம். முட்டைக்கோஸைப் பார்த்து ஓடவும் வேண்டாம், வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிடலாம். சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு போதும். அதற்கு மேல் அயோடின் மாத்திரை எடுத்தால் தைராய்டு கெடவும் கூடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்: உடம்பு சில்லிட்டு, பேச்சு குழறி, எழுப்பினாலும் எழாத மயக்கம், விடாத வாந்தியோடு ரத்த அழுத்தச் சரிவு, நெஞ்சு வலி. இவற்றுக்கு 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்களுக்கு, எல்லாம் நார்மல், வேறு காரணமும் அகப்படவில்லை என்றால், மூன்றிலிருந்து ஆறு மாதம் கழித்து அதே லேபில், காலை நேரத்தில் டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி4-ம் ஒரு முறை எடுங்கள். இடையில் கர்ப்பம் தரித்தாலோ, கழுத்து வீங்கினாலோ அதற்கு முன்பே. பழைய தாள்களையெல்லாம் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, மேலே மருந்துப் பட்டியலையும் பிரசவ விவரத்தையும் ஒட்டி வையுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.